முதல்முறை எம்.எல்.ஏ. ஆனவருக்கு: வெற்றிச் சான்றிதழ் முதல் நிலுவையின்மைச் சான்று வரை

வாக்கு எண்ணிக்கை முடிந்து, தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திட்ட வெற்றிச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே நாள் கணக்கு தொடங்கிவிடுகிறது. மாலை, சால்வை, பட்டாசு எல்லாம் ஒரு வாரம் நடக்கட்டும். அந்த ஒரு வாரத்தில் தவறவிட்டால் பின்னால் ஐந்து ஆண்டுக்கும் தொல்லை தரும் வேலைகள் சில உண்டு. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் உள்ள 234 இடங்களில் ஒன்றுக்குப் புதிதாக வந்தவருக்கும், அவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு எந்த அதிகாரியிடமும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆட்சியர், தாசில்தார், பி.டி.ஓ., மின்வாரிய உதவிப் பொறியாளர் யாரும் அவருக்குக் கீழே பணிபுரிவதில்லை. அவர் கையில் இருப்பவை மூன்று: அவையில் கேட்கும் கேள்வி, அலுவலகத்திலிருந்து போகும் கடிதம், தீர்மானத்தின்மீது போடும் வாக்கு. இந்த மூன்றையும் எழுத்தில் வைத்து விடாமல் பின்தொடர்பவர் வேலையை முடிக்கிறார். குரலை உயர்த்தி முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு முதல் ஆறு மாதம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு கோப்பு நகராது.

முதல் 45 நாள்

வெற்றிச் சான்றிதழை ஐந்தாறு நகல் எடுத்துவிட்டு, அசலைப் பத்திரப்படுத்துங்கள். பதவியேற்கும்போது அதைக் காட்ட வேண்டும்.

அடுத்தது தேர்தல் செலவுக் கணக்கு. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது ஆட்சியரிடம், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கான உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். தோற்றவர்கள் கணக்கை மறப்பது வழக்கம். வென்றவர்களும் கொண்டாட்டத்தில் மறந்துவிடுவதுதான் ஆபத்து. சரியான காரணமின்றிக் கணக்குத் தராவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்கீழ் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். தேர்தலுக்கென்று தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் விவரம், ரசீதுகள், பார்வையாளர் சரிபார்த்த பதிவேடு இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரசீதில் ஒரு தொகையும் வங்கியில் வேறொரு தொகையும் இருப்பதுதான் பெரும்பாலும் சிக்கலாகிறது. பந்தல்காரருக்கும் வண்டிக்காரருக்கும் கொடுத்ததை அன்றன்றைக்கு எழுதாமல் கடைசியில் மொத்தமாக எழுதுவதால் வரும் வினை அது.

தேர்தல் வழக்குத் தொடர எதிர்த்தரப்புக்கு 45 நாள் உண்டு. வழக்கு உயர் நீதிமன்றத்தில்தான் நடக்கும். அந்த 45 நாள் கழியும்வரை முகவர்களின் குறிப்புகள், வாக்கு எண்ணிக்கைத் தாள்கள், வேட்புமனுவோடு தந்த 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தின் நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு வந்துவிட்டால் அவற்றுக்காகத்தான் முதலில் அலைய வேண்டியிருக்கும்.

இதே நாட்களில் ஒரு வழக்கறிஞரை உட்கார வைத்து உங்கள் தொழிலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாநில அரசோடு பொருள் வழங்கும் ஒப்பந்தமோ, வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தமோ உங்கள் பெயரில் நடப்பில் இருந்தால் அது தகுதிநீக்கத்துக்கு இடமாகும். அரசிடம் ஊதியம் தரும் பதவி வகிப்பதும் அப்படியே. சம்பளத்தை வாங்கினீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல, வாங்கத்தக்க பதவியா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒப்பந்ததாரராக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் பலர். வேட்புமனுவுக்கு முன்பே இதைச் சரிசெய்திருப்பார்கள் என்றாலும், கூட்டு நிறுவனங்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு.

பதவியேற்பு

அரசமைப்பின் 188-ஆவது கூறுப்படி உறுதிமொழி எடுத்த பிறகே அவையில் அமரலாம், வாக்களிக்கலாம். எடுக்காமல் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம். கடவுள் பெயரால் எடுப்பதா, உளமாற உறுதி கூறுவதா என்பது உங்கள் விருப்பம். வாசகத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, உரக்கப் படித்துப் பழகுங்கள். நீளமான தொடர்களில் மூச்சு வாங்கி, நடுவில் நிறுத்திச் சொல்லைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். அச்சிட்ட வாசகத்துக்கு முன்னும் பின்னும் கட்சி முழக்கம் சேர்ப்பதும் வேண்டாம். அது குறிப்பில் ஏறாது, பேச்சு மட்டும் மிஞ்சும்.

அன்றைக்கே பேரவைச் செயலகத்தில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை விதிகள் புத்தகம், வினா அறிவிப்புப் படிவம், கடந்த இரண்டு கூட்டத்தொடரின் நடவடிக்கைக் குறிப்புகளில் உங்கள் மாவட்டம் பற்றி வந்த பக்கங்கள். உங்களுக்கு முன்பிருந்தவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பது அதில் இருக்கும். அவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். பாதி வழி அவர் நடந்து வைத்திருப்பார்.

சம்பளம் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. படிகள் உட்பட மாதம் 1,05,000 ரூபாய் என்று 2018-இல் உயர்த்தப்பட்டது. அடிப்படைச் சம்பளம் அதில் சிறு பங்குதான். தொகுதிப் படி, வாகனப் படி, தொலைபேசிப் படி, அஞ்சல் படி என்று மீதி பிரிகிறது. டீசல், அலுவலக ஆள், டீ, காதுகுத்து மொய், கோயில் கொடை, துக்க வீட்டு மாலை என்று எண்ணினால் மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். வீட்டுச் செலவுக்கு வேறு நேர்மையான வருமானம் இல்லாதவர், மொய்க்கும் நன்கொடைக்கும் ஒரு மேல்வரம்பை முதல் மாதமே வைத்து, அதை எல்லா ஊருக்கும் ஒன்றுபோலப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஊருக்கு ஐயாயிரமும் அடுத்த ஊருக்கு இருபதாயிரமும் கொடுத்தால், வரம்பு வைத்ததன் பயன் அன்றோடு போயிற்று.

தொகுதியைத் தாளில் கொண்டுவருதல்

பிரசாரத்தில் எல்லா ஊரையும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் தெரிந்ததும் வேறு வேறு. ஒரு பெரிய வரைபடத்தை வாங்கிச் சுவரில் மாட்டி, சாலைகளை உரிமைப்படி வண்ணம் தீட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒரு வண்ணம், மாநில நெடுஞ்சாலையும் மாவட்ட முக்கியச் சாலையும் மாவட்ட இதர சாலையும் நெடுஞ்சாலைத் துறைக்கு என்று ஒரு வண்ணம், ஊராட்சி ஒன்றியச் சாலை ஒன்று, கிராம ஊராட்சித் தெரு ஒன்று, நகராட்சி அல்லது பேரூராட்சி ஒன்று.

இது வீண்வேலை என்று தோன்றும். ஆனால் உங்களிடம் வரும் புகாரில் சாலை பற்றியது நிறைய. "ரோடு குண்டும் குழியுமா இருக்கு" என்று ஒருவர் வந்தால், அது யாருடைய சாலை என்று தெரியாமல் எழுதும் கடிதம் மூன்று அலுவலகம் சுற்றி ஆறு மாதம் கழித்து "இச்சாலை இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒற்றை வரியோடு திரும்பி வரும். வரைபடம் இருந்தால் அரை நிமிடத்தில் சரியான பொறியாளருக்குக் கடிதம் போகும். ஒரே சாலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றியத்துக்கும் மீதி நெடுஞ்சாலைத் துறைக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். குழி பெரும்பாலும் அந்த எல்லையில்தான் விழும், ஏனென்றால் இரண்டு பேரும் அது மற்றவருடையது என்று விட்டிருப்பார்கள்.

இதே போல நீர்நிலைகளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்: எந்த ஏரி நீர்வளத் துறையுடையது, எந்தக் கண்மாய் ஒன்றியத்துடையது, எந்தக் குளம் கோயிலுக்குச் சொந்தம்.

மனுக்கள்

காலையில் கதவைத் திறந்ததும் ஐம்பது பேர் நிற்பார்கள். மனு வாங்கும் மேசையில் ஒரு தடிமனான பதிவேடு. வரிசை எண், தேதி, பெயர், ஊர், கைபேசி எண், பொருள், எந்த அலுவலகத்துக்கு அனுப்பினோம், மறு நினைவூட்டல் தேதி, முடிவு. கணினியில் வைத்தாலும் சரி, ஆனால் வரிசை எண் எழுதிய துண்டுச் சீட்டு மனுதாரர் கையில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வாங்கிய மனு, சட்டைப்பையில் மடிந்து சலவைக்குப் போகிறது.

எந்த மனு எங்கே போக வேண்டும் என்பதை அலுவலக ஆட்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு. குடும்ப அட்டை வட்ட வழங்கல் அலுவலருக்கு. பட்டா மாறுதலில் உட்பிரிவு (ஒரு புல எண்ணில் ஒரு பகுதியை மட்டும் பிரிப்பது) இருந்தால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தை மனுதாரரிடம் முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் வீண் அலைச்சலிலிருந்து தப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது வருமானச் சான்று இருக்கிறதா என்பதை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த பிறகு அட்டைக்கு ஓடி வருபவர்கள் ஏராளம். ஆகவே ஊர்க்கூட்டங்களில் இதை முன்கூட்டியே சொல்வது, வந்த பிறகு பரிந்துரைப்பதைவிடப் பெரிய உதவி.

லெட்டர் பேடு விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறோம், ஏனென்றால் பதவியைக் கெடுக்கும் சின்னப் பொருள் அது. சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில் பத்து வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போவது பலருக்குப் பழக்கம். செய்யவே கூடாது. அந்தத் தாளில் வேலைவாய்ப்புப் பரிந்துரை, இடமாற்றக் கோரிக்கை, குவாரிக்கு ஆட்சேபமில்லை என்று எது வேண்டுமானாலும் ஏறலாம். கையெழுத்து உங்களுடையது என்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். ஒவ்வொரு தாளுக்கும் அச்சகத்திலேயே தொடர் எண் போடச் சொல்லுங்கள். எந்த எண் யாருக்குப் போனது என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். பாழான தாளைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடிட்டு வைத்திருங்கள்.

ஆதார் முகவரி மாற்றத்துக்கான சான்றுப் படிவம் கேட்டும் தினமும் ஆள் வரும். அதில் புகைப்படத்தின்மீது பாதியும் தாளின்மீது பாதியும் விழுமாறு கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். சான்று மூன்று மாதம்தான் செல்லும். தேதி போடாமல் கொடுத்தால் மையத்தில் திருப்பி அனுப்புவார்கள், அந்த முதியவர் மறுபடியும் பேருந்து ஏறி வர வேண்டும். ஆளை நேரில் பார்க்காமல் ஒரு படிவத்திலும் கையெழுத்து வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தில் "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள், எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். நன்செய் நிலத்தின் புல எண், ஏற்கெனவே விண்ணப்பித்த தேதி, விண்ணப்ப எண், எந்த நிலையில் நிற்கிறது, என்ன விதிப்படி கிடைக்கத் தகுதி உண்டு என்று நான்கு வரி எழுதுங்கள். தகுதி இல்லாத மனுவுக்குப் பரிந்துரை எழுதாதீர்கள். ஒன்றிரண்டு அப்படிப் போனால் போதும், அடுத்து வரும் நியாயமான கடிதத்தையும் அந்த அலுவலகம் அதே கண்ணோடு பார்க்கும்.

காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுவதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். புகார் பதிவாகவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். "அவனை விட்டுடுங்க" என்ற ஒரு சொல் பதிவாகி ஊரெல்லாம் சுற்றினால், அதற்குப் பிறகு விளக்கம் சொல்லி மீள்வது கடினம்.

கேள்வி கேட்பது எப்படி

அவை கூடும் நாளின் முதல் மணி நேரம் வினா–விடைக்கு உரியது. 2022 முதல் அது நேரலையிலும் போகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை சொல்வார், துணை வினா கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் விடை வரும். புதியவர்கள் குறியிட்டதையே விரும்புகிறார்கள், தொலைக்காட்சியில் வரும் என்பதால். ஆனால் எண்ணிக்கை, பட்டியல், தொகை வேண்டும் என்றால் குறியிடாத வினாதான் பயன்படும். வாய்மொழி விடையில் அட்டவணை வராது.

கேள்வி எழுதுவதற்கு முன் கருத்துருவை, அதாவது கீழ் அலுவலகத்திலிருந்து மேலே போகும் எழுத்து முன்மொழிவை, தேடுங்கள். இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு எடுத்துக்காட்டு: உங்கள் தொகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்தை ஆரம்ப சுகாதார நிலையமாக உயர்த்த வேண்டும். நேரே போய், "தரம் உயர்த்த அரசு முன்வருமா?" என்று கேட்டால், செயலகம் அந்தக் கேள்வியைத் துறைக்கு அனுப்பும், துறை மாவட்டத்திடம் குறிப்புக் கேட்கும், மாவட்டம் "இது தொடர்பாகக் கருத்துரு ஏதும் அனுப்பப்படவில்லை" என்று எழுதும். அமைச்சர் எழுந்து அதையே வாசிப்பார். அதோடு கதை முடிந்தது.

மாற்றிச் செய்யுங்கள். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பொது அளவுகோல். உங்கள் பகுதி மக்கள்தொகை, பக்கத்து நிலையம் எத்தனை கிலோமீட்டர், கட்டடத்துக்கு எந்தப் புல எண்ணில் எவ்வளவு அரசு நிலம், ஊராட்சித் தீர்மானம் ஆகியவற்றைத் திரட்டி வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். அவர் வழியாக மாவட்ட சுகாதார அலுவலர், அங்கிருந்து பொது சுகாதாரத் துறை இயக்குநர், பிறகு தலைமைச் செயலகம் என்று கருத்துரு ஏறட்டும். எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கேள்வியை இப்படி எழுதலாம்:

(அ) இன்ன தொகுதி, இன்ன துணை சுகாதார நிலையத்தை ஆரம்ப சுகாதார நிலையமாகத் தரம் உயர்த்தக் கோரும் கருத்துரு இயக்குநரகத்தில் பெறப்பட்டுள்ளதா? (ஆ) ஆம் எனில், அது தற்போது எந்த நிலையில் உள்ளது? (இ) எந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்?

இதற்கு "இல்லை" என்று சொல்ல வழியில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னாலும், துணை வினாவில் கடித எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் துறைச் செயலாளர் அன்றைக்கே கோப்பைத் தேடுவார்.

அமைச்சர்களின் விடைகளைக் கேட்டுப் பழக வேண்டும். "கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால் கீழிருந்து காகிதம் வரவில்லை, மாவட்டத்துக்குத் திரும்புங்கள். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் காகிதம் வந்திருக்கிறது, முன்னுரிமை கிடைக்கவில்லை. "சாத்தியக்கூறு ஆராயப்படும்" என்றால் யாராவது இடத்தைப் பார்க்க வருவார்கள், அன்றைக்கு நீங்களோ உங்கள் ஆளோ அங்கே இருக்க வேண்டும். "இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்" என்பது உறுதிமொழி. நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். ஆண்டு முடிந்தும் நடக்காவிட்டால் பேரவையின் உறுதிமொழிக் குழுவுக்கு எழுதலாம். அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று துறையைக் கூப்பிட்டுக் கேட்பதற்கென்றே உள்ள குழு அது. இந்தக் குழுவைப் பயன்படுத்தும் உறுப்பினர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

துணை வினா ஒரே ஒரு கேள்வியாக இருக்கட்டும். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள் வாயிலாக" என்று தொடங்கி, தலைவருக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி என்று போவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் அமைச்சர் எளிதானதற்கு மட்டும் விடை சொல்லி உட்காருவார்.

அவசரமான ஒன்று, பயிர் மூழ்கியதோ தொழிற்சாலை விபத்தோ, என்றால் விதி 55-இன்கீழ் கவன ஈர்ப்பு கொடுக்கலாம். விதி 110-இன்கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் அதன்மீது விவாதம் கிடையாது. எழுந்து நின்று கேட்டுப் பயனில்லை. அறிவிப்பில் உங்கள் தொகுதி விடுபட்டிருந்தால் மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது) விவாதத்துக்குக் குறித்து வையுங்கள்.

பேசும்போது

மானியக் கோரிக்கையில் பேச வாய்ப்புக் கிடைத்தால் முந்தைய இரவே துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். சென்ற ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, எந்த அறிவிப்பு இந்த ஆண்டு சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் இதை மரியாதையாகக் கேட்கலாம். துறை கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தில் மூன்று வகை உண்டு. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, சிக்கனத்துக்காக ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது, ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. தொகுதிக் குறைக்குப் பொருத்தமானது மூன்றாவது.

அவையில் பேசியதற்கு 194-ஆவது கூறு பாதுகாப்புத் தருகிறது. அதே பேச்சை வாசலில் மைக்கில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிபதி தம் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி அவையில் பேச முடியாது, 211-ஆவது கூறு தடுக்கிறது. "பொய்" என்ற சொல் குறிப்பிலிருந்து நீக்கப்படும், "உண்மைக்கு மாறானது" என்றால் நிற்கும். பொருள்களை எடுத்துவந்து காட்டுவதில் கவனம் வேண்டும். 2017-இல் குட்கா பொட்டலங்களை அவைக்குள் காட்டியது உரிமை மீறல் விவகாரமாகி உயர் நீதிமன்றம்வரை போனது. லஞ்சம் வாங்கிக்கொண்டு பேசினாலும் வாக்களித்தாலும் அவை உரிமை காப்பாற்றாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

கொறடா உத்தரவு

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர் கொறடா. அவர் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வராமல் இருந்தாலும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். உடல்நிலை சரியில்லை என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி நகலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்பது சான்றாகாது.

புதியவர்கள் அறியாதது இன்னொன்று. உத்தரவை மீறாமலே, நடத்தையாலும் "தானாகக் கட்சியை விட்டவர்" ஆகலாம். 2017-இல் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் தனித்தனியாகக் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். பதினெட்டுத் தொகுதிக்கும் 2019-இல் இடைத்தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழி 2003-இல் 91-ஆவது திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும்.

அனுமதியின்றி 60 நாள் கூட்டத்துக்கு வராதவரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையான குறைவெண் 24 பேர். மதியத்துக்கு மேல் அவையில் அந்த எண்ணிக்கைகூட இல்லாமல் மணி அடிக்க வேண்டியிருப்பது நல்லதல்ல. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு விடுதிக்குப் போவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். சட்டமுன்வடிவுகள் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் வரிசையாக நிறைவேறுகின்றன. நீங்கள் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டீர்களோ அந்த வேலை அன்றைக்குத்தான் நடக்கிறது.

தொகுதி மேம்பாட்டு நிதி

ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 6.28 கோடி வாக்காளர்கள். தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம். வகுத்தால் ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 112 ரூபாய்தான். எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எங்கும் ஒட்டாது.

பணம் உங்கள் கைக்கோ கணக்குக்கோ வராது. நீங்கள் ஆட்சியருக்கு வேலையைப் பரிந்துரைக்கிறீர்கள். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுகிறார், ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருகிறார், பொறியாளர் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறார், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகம், பட்டியல் தொகை. பரிந்துரைத்த நாளிலிருந்து திறப்பு விழாவரை எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் குறையும். ஆகவே நிதியாண்டின் முதல் இரண்டு மாதத்தில் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் மார்ச்சில் அவசர அவசரமாகக் கான்கிரீட் ஊற்றுவார்கள், தண்ணீர் விட்டு ஆறவைக்க நாள் இருக்காது, அடுத்த மழையில் பெயர்ந்துவிடும்.

வேலை நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் நிலம். ஊர்க்காரர்கள் "இது பொது இடம்தாங்க" என்று காட்டும் மனை யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் சமுதாயக் கூடமோ நாடக மேடையோ அங்கே கட்ட முடியாது, கட்டினாலும் நீதிமன்ற உத்தரவால் இடிபடும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் அனுமதி. தனியார் பெயரில் இருந்தால், அவர் வாய்மொழியாக எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னாலும், தானப் பத்திரம் பதிவான பிறகே பரிந்துரையுங்கள். அவர் மகன் பிறகு வந்து வேலியடைத்த ஊர்கள் உண்டு.

அடுத்த காரணம், கட்டிய பின் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்காமல் விடுவது. உயர்கோபுர விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்கும் இரவில் தெருவே பகல்போல இருக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். மின்கட்டணம் ஊராட்சிக்கு வரும். சிறிய ஊராட்சிக்கு மாதாமாதம் அது பாரம். ஆறாவது மாதம் ஆறு விளக்கில் இரண்டு மட்டும் எரியும், பழுதுபார்க்க ஏணி வண்டி நகரத்திலிருந்து வர வேண்டும். அதே பணத்தில் எல்.இ.டி. தெருவிளக்குகளைக் கம்பங்களில் மாட்டினால் ஊர்ப் பணியாளரே ஏறி மாற்றிவிடுவார். சிறுமின்விசைத் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க மறப்பதும் இதே வகை. தண்ணீர் இருக்கும், மோட்டார் இருக்கும், ஒரு வருடம் ஓடாது.

எங்கள் கணிப்பில் இந்த நிதி நன்றாகப் பலனளிப்பது, வேறெந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காத சிறு இணைப்புகளில்: மயானத்துக்குப் போகும் முந்நூறு மீட்டர் பாதை, ஓடையின் குறுக்கே ஒரு சிறுபாலம், பள்ளிச் சுற்றுச்சுவரில் திறந்து கிடக்கும் ஒரு பக்கம், மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய். பெரிய வேலைகளுக்குத் துறைப் பணத்தைக் கேட்க வேண்டும். துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தயாரித்துவிடுகின்றன. பிப்ரவரியில் அமைச்சருக்குச் சால்வை போட்டுக் கேட்பதைவிட, செப்டம்பரில் மாவட்ட அலுவலரிடம் கருத்துரு எழுத வைப்பது மேல்.

கடைசி ஆண்டு

அவையின் ஆயுள் முதல் கூட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு. தேர்தல் தேதி அறிவிப்பு வந்ததும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வரும். தரையில் தொடங்கிவிட்ட வேலை தொடரலாம். பணி ஆணை இருந்தும் தொடங்காத வேலை நின்றுவிடும். எனவே அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பே நிலுவைப் பட்டியலோடு ஒன்றியப் பொறியாளர்களை உட்கார வைத்து, எது தரையில் தொடங்கும், எது தொடங்காது என்று பிரியுங்கள். தொடங்க முடியாததை ஊரில் நேராகச் சொல்லிவிடுங்கள்.

மனுப் பதிவேடுகளையும் கருத்துருக்களின் கடித எண் பட்டியலையும் அடுத்து வருபவருக்குக் கொடுக்கும்படி ஒரு பெட்டியில் கட்டி வையுங்கள். அவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் மனுக்கள் மக்களுடையவை.

மீண்டும் போட்டியிடுவதாக இருந்தால் சட்டமன்ற உறுப்பினர்கள் விடுதி அறைக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றை வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடந்த பத்து ஆண்டில் வசித்த அரசு இருப்பிடங்களுக்கான நிலுவை விவரம் 26-ஆம் படிவத்தில் கேட்கப்படுகிறது. கடைசி நாளில் கேட்டால் கையெழுத்திட வேண்டிய அலுவலர் தேர்தல் பணிக்குப் போயிருப்பார். ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை வெற்றிச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.